முறையிட்டோரும் விசாரித்தோரும்: பிரித்தானிய வைத்தியசாலைகளில் முதியோர் துன்புறுத்தல் வெளிப்பட்ட வரலாறு

சமுதாயத்தில் நிகழும் கொடுமைகள் யாவும் அவை நிகழுங் காலத்திலேயே கொடுமைகளாக இனங்காணப்படுவதில்லை. முதியோரும், உடல் உளக் குறைபாடு காரணமாகப் பிறரைச் சார்ந்து வாழும் வளர்ந்தோரும் தம்மைப் பராமரிக்கும் பொறுப்புடையோராலேயே துன்புறுத்தப்படுவது இதற்குத் தக்க உதாரணமாகும். இது பழைமையானதொன்றே, ஆயினும் இதற்கெனத் தனியொரு பெயரும், இதனை முறையிடுவதற்கென ஒழுங்கானதொரு வழியும் தோன்றியமை இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலேயாம். சிறுவர் துன்புறுத்தல் பற்றி அமெரிக்க வைத்தியரான ஹென்றி கெம்பும் அவர்தம் சகாக்களும் எழுதிய கட்டுரை 1962இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுள் அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தும் முறைப்பாட்டுச் சட்டங்களை இயற்றிவிட்டன. முதியோர் விடயத்தில் அத்தகைய விரைவு காணப்படவில்லை. இத்தாமதத்தின் காரணம் யாது? சான்றுகள் இல்லாமையா, அன்றி இருந்த சான்றுகளை நம்ப மறுத்தமையா? பிரித்தானியாவில் 1965க்கும் 1975க்கும் இடையில் நிகழ்ந்தவை இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருவன.

1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது, முன்னைய நூற்றாண்டின் மனநோய் விடுதிகளும் வறியோர் சட்டத்தின்கீழ் அமைந்த தொழிலில்லங்களும் அதன் பொறுப்பில் வந்தன. பெயர்கள் மாறின, கட்டடங்களும் அவற்றினுள் ஊறியிருந்த வழக்கங்களும் எளிதில் மாறவில்லை. சமூகவியலாளர் பீற்றர் ரவுண்சென்ட் 173 முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு 1962இல் வெளியிட்ட நூல் இந்நிலையை முதன்முதலில் விரிவாக எடுத்துக்காட்டியது. மனநோய் வைத்தியசாலைகளிலோ நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. வேறு புகலிடம் இல்லாமையினாலேயே முதியோர் பலர் அங்கு ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தனர்.

இலண்டனின் வடபகுதியில் 1851இல் திறக்கப்பட்ட பிறையேண் வைத்தியசாலை இத்தகையதொன்று. உளச்சிகிச்சையாளரான பார்பரா றொப் 1965இல் அங்கிருந்த முதிய பெண்ணொருவரைப் பார்க்கச் சென்றார். கண்டவற்றைத் தொடர்ந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நோயாளரின் மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல், செவிப்புலக் கருவி ஆகியவை அவர்களிடமிருந்து அகற்றப்பட்டிருந்தன. செய்வதற்கு யாதொரு பணியுமின்றி அவர்கள் நாளைக் கழித்தனர். இங்குக் காயங்களைவிட இழப்புகளே முதற் சான்றுகளாயின என்பது கவனிக்கத்தக்கது. கண்ணாடியை இழந்தவர் வாசிக்க மாட்டார். செவிக்கருவியை இழந்தவர் வினவியதற்கு விடையளிக்க மாட்டார். பின்னர் அவ்வியலாமையே அவர்தம் மனத்தளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்படும். துன்புறுத்தல் தன் சாட்சியைத் தானே செல்லாக்காசாக்கும் விந்தை இதுவாகும்.

1965 நவம்பரில் றொப்பும் பிரமுகர் சிலரும் கையொப்பமிட்ட கடிதம் 'த ரைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. இதே போன்ற அனுபவங்களைத் தெரிவித்துப் பலரும் எழுதினர். தாதியர், சமூக ஊழியர் ஆகியோரின் வாக்குமூலங்களைத் தொகுத்து றொப் 1967இல் 'சான்ஸ் எவ்றிதிங்' என்னும் நூலை வெளியிட்டார். யாவுமிழந்த முதுமையைச் சுட்டும் இத்தலைப்பு சேக்சுபியரின் நாடகமொன்றிலிருந்து பெறப்பட்டது.

சுகாதார அமைச்சராக இருந்த கெனத் றொபின்சன் விசாரணைக்கு உடன்பட்டார். ஆனால் விசாரணைக் குழுக்களை நியமிக்கும் பொறுப்பு, அவ்வைத்தியசாலைகளை நிருவகித்த பிராந்திய வைத்தியசாலைச் சபைகளிடமே விடப்பட்டது. 1968 யூலையில் அவற்றின் முடிவுகள் அரசாங்க வெள்ளை அறிக்கையாக வெளிவந்தன. குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை ஆதாரமற்றவை அல்லது மிகைப்படுத்தப்பட்டவை எனத் தள்ளப்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்ட நிருவாகமே நடுவரைத் தெரிவுசெய்தமை இம்முறையின் அடிப்படைக் குறைபாடாகும். மேலும், இன்ன நாளில் இன்னார் இன்னாரை அடித்தாரா என்ற அளவில் வினா குறுகும்போது, தனித்து நின்ற ஒரு தாதியின் சொல், உடன் பணியாற்றியோர் பலரின் மறுப்பின்முன் எடுபடாது போதல் இயல்பே. துன்புற்றவரின் சொல்லோ முதுமையையும் நோயையும் காரணங்காட்டி எளிதில் ஒதுக்கப்படக்கூடியது.

எனினும் அதே காலப்பகுதியிலேயே வேறொரு விசாரணை வேறொரு முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வேல்ஸ் நாட்டின் காடிவ் நகரிலிருந்த ஈலி வைத்தியசாலை உள வளர்ச்சி குன்றியோருக்குரியது. வறியோர் சட்டக் காலத்தில், 1862இல், பிள்ளைகளுக்கான கைத்தொழிற் பாடசாலையாகத் தொடங்கப்பட்டது அது. அங்குப் பணிபுரிந்த தாதி உதவியாளர் ஒருவர் தாம் கண்டவற்றை எழுதியனுப்ப, 'நியூஸ் ஒவ் த வேர்ல்ட்' பத்திரிகை 1967 ஓகத்தில் அவற்றை வெளியிட்டது. பிற்காலத்தில் நிதியமைச்சராகப் புகழ்பெற்ற சட்டவறிஞர் ஜெவ்ரி ஹவ் விசாரணைக் குழுவின் தலைவரானார். தனித்தனிச் சம்பவங்களை ஆராய்வதுடன் அக்குழு நின்றுவிடவில்லை. இச்சம்பவங்களுக்கு இடமளித்த நிருவாகம் எத்தகையது என்ற வினாவையும் எழுப்பியது. நோயாளர் கொடூரமாக நடத்தப்பட்டமை, அவர்களுக்குரிய உணவு திருடப்பட்டமை, முறையிட்ட ஊழியர் பழிவாங்கப்பட்டமை, மேலதிகாரிகள் பாராமுகமாக இருந்தமை ஆகியன வெளிப்பட்டன.

அறிக்கையின் சுருக்கத்தை மாத்திரம் வெளியிடுதல் போதுமென அதிகாரிகள் கருதினர். 1968 நவம்பரில் சமூக சேவைகளுக்கான அமைச்சர் பதவியை ஏற்றிருந்த றிச்சாட் குறொஸ்மன் அதற்கு இணங்கவில்லை. 1969 மார்ச்சில் அறிக்கை முழுமையாக வெளியிடப்பட்டது. வைத்தியசாலைகளைச் சென்று பார்வையிடும் ஆலோசனைச் சேவை அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. உள வளர்ச்சி குன்றியோருக்கான சேவைகளைச் சீரமைக்கும் வெள்ளை அறிக்கை 1971இல் வந்தது. றொப் நெடுநாள் வற்புறுத்திவந்த சுயாதீன முறைப்பாட்டு ஆணையாளர் பதவி 1973இல் உருவாயிற்று. அதைக் கண்ட பின்னரே அவர் 1976இல் காலமானார்.

பிறையேணில் நிகழ்ந்தது ஈலியில் நிகழ்ந்ததிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதன்று. விசாரித்த முறையே வேறுபட்டது. சான்றின் வலிமை சான்றில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை, அதனைச் செவிமடுப்போரின் சுயாதீனத்திலும் தங்கியுள்ளது என்பதை இவ்விரு விசாரணைகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

வைத்தியசாலைகள் பற்றி எழுந்த இவ்விழிப்பு விரைவில் இல்லங்களின் பக்கமுந் திரும்பியது. 1975இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைகளில், குடும்பத்தவரால் முதியோர் அடிக்கப்படுதல் முதன்முறையாகத் தனியொரு பெயரிட்டுப் பேசப்பட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதுமை பற்றிய குழு 1981இல் இதனை மறைந்து கிடக்கும் பிரச்சினையென விவரித்து அறிக்கை வெளியிட்டது. காலப்போக்கில் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள், வைத்தியர், தாதியர் போன்றோர் தமக்கு ஐயம் எழுந்தவிடத்து முறையிட வேண்டுமெனச் சட்டமியற்றின. சிறுவர் சட்டங்களே இவற்றுக்கு முன்மாதிரியாயின. இங்குச் சிக்கலொன்றும் எழுந்தது. முதியவர் சிறுவரல்லர், தம் வாழ்வு பற்றித் தாமே முடிவுசெய்யும் உரிமையுடையவர். மகனுக்கெதிராக முறையிட விரும்பாத தாயின் விருப்பத்தை மதிப்பதா, மீறுவதா என்னும் வினா இன்றுவரை முற்றாகத் தீரவில்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், ஆபத்திலுள்ள வளர்ந்தோர் பற்றி விசாரிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்கள்மீது சுமத்தியது.

சட்டங்கள் தோன்றியமையால் வரலாறு முடிந்துவிடவில்லை. பிறிஸ்ரல் நகருக்கு அண்மையிலிருந்த வின்ரர்போண் வியூ என்னும் தனியார் வைத்தியசாலையில் நிகழ்ந்த கொடுமைகளை 2011இல் பி.பி.சி. தொலைக்காட்சி இரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. 2012இல் ஊழியர் 11 பேர் குற்றவாளிகளாயினர். அங்கும் தாதி ஒருவர் முன்னரே நிருவாகத்திடமும் மேற்பார்வை நிறுவனத்திடமும் முறையிட்டிருந்தார், அது கவனிக்கப்படவில்லை. ஈலி வெளிப்பட்டு நாற்பதாண்டுகளுக்குப் பின்னரும் பத்திரிகையின் இடத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டதேயன்றி, உள்ளிருந்து எழும் குரலைக் கேளாத வழக்கம் மாறவில்லை.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்கான தேசிய சபையை நிறுவியதுடன், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோருவதற்கான சபையொன்றையும் ஏற்படுத்தியது. முதியோரைப் பேணுதல் அறமெனப் போற்றும் சமுதாயத்தில் அவ்வறத்துக்குச் சட்டத்தின் துணை வேண்டப்பட்டமை சிந்திக்கற்பாலது. ஓர் அறம் உயர்வாகப் போற்றப்படும்போது அதன் மீறலை ஒப்புக்கொள்ளுதலும் அவ்வளவுக்குக் கடினமாகிறது. குடும்ப மானம் கருதித் தாய் மௌனமாகிறாள். அயலார் அது பிறர் வீட்டு விடயமெனக் கருதி ஒதுங்குகின்றனர்.

ஆகவே இனங்காணல் என்பது காயங்களைத் தேடுதல் மாத்திரமன்று. காரணமின்றி மெலிந்த உடல், காணாமற்போன மூக்குக்கண்ணாடி, கைமாறிய ஓய்வூதியப் பணம், ஒருவரைக் கண்டதும் அடங்கிவிடும் பேச்சு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தலே அதுவாகும். அவ்வாறு கண்டதை எவரிடம் கூறுவது என்பதே அடுத்த வினா. குற்றஞ்சாட்டப்பட்டோருக்குக் கடமைப்படாத ஒருவர் அதனைக் கேட்கும் நிலை இல்லாவிடின், கண்டவரின் துணிவும் பயனற்றுப் போகும். 1968இன் வெள்ளை அறிக்கையும் 1969இன் ஈலி அறிக்கையும் பின்வந்தோருக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.