அரை நாள் பள்ளி

'சாட்டை' (2012) படத்தில் ஒரு பள்ளியைத் திருத்த ஒரு வாத்தியார் போதும். சரித்திரத்தில் அது கூட்டத்தின் வேலை. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்சப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும். வாத்தியாருக்கு இரண்டு ஷிப்டு. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று பெயரிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1954இல் காமராஜ் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

வேம்பார்க் கரையில் நின்று பார்த்தால் இந்தச் சண்டையின் அர்த்தம் துலங்கும். முத்துக்குளித்துறையின் பழைய ஊர் இது. இக்கரைப் பரதவர்களுக்காக 1578இலேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சானது. மூச்சடக்கி மூழ்கும் வித்தையோ அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. அந்த வித்தையை நம்பி எழுத்தைப் பாதியாக்கியிருந்தால், பிள்ளை கையில் எது மிஞ்சியிருக்கும்?