போலந்து வீடுகளில் இரட்டைக் கொதிகலன் முறை

இரட்டைக் கொதிகலன் முறை என்பது, வீட்டைச் சூடாக்கும் நிலக்கரிக் கொதிகலனுக்குத் துணையாக எரிவாயுக் கொதிகலன் ஒன்றையும் அதே குழாய் அமைப்பில் இணைப்பதாகும். நிலக்கரி வளம் மிக்க போலந்தில் இம்முறை வழக்கில் உள்ளது. அந்நாட்டின் எரிபொருள் வரலாறு இதில் தெளிவாகத் தெரிகிறது.

பின்னணி

தெற்குப் போலந்தின் சிலேசியா சுரங்கங்கள் நாட்டுக்கு நீண்ட காலமாக நிலக்கரி வழங்கி வருகின்றன. தனி வீடுகளில் நிலவறையில் உள்ள கொதிகலன் நீரைச் சூடாக்கும். அந்நீர் குழாய்கள் வழியே அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்குச் செல்லும். ஆனால் நிலக்கரி அடுப்புக்கு ஆள் வேண்டும். கரி இடவும் சாம்பல் அள்ளவும் ஒருவர் இல்லையெனில் நெருப்பு அணைந்துவிடும். கடுங்குளிரில் குழாய்நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கக்கூடும். முதியோருக்கும் வெளியூர் செல்வோருக்கும் இது பெரும் கவலை. தானே எரிந்து தானே அணையும் எரிவாயுக் கொதிகலன் இக்குறையைத் தீர்த்தது.

இணைக்கும் முறை

இரண்டையும் நேரடியாக இணைப்பது எளிதன்று. நிலக்கரி நெருப்பை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. மின்சாரம் தடைப்பட்டு நீரேற்றி நின்றால் நீர் கொதித்து அழுத்தம் உயரும். ஆகவே பழைய அமைப்புகளில் வீட்டின் உச்சியில் திறந்த விரிவுத் தொட்டி வைக்கப்பட்டது. மிகுந்த நீரும் நீராவியும் அதன் வழியே வெளியேறும். எரிவாயுக் கொதிகலனோ பெரும்பாலும் அழுத்தமுள்ள மூடிய அமைப்பில் இயங்குவது. திறந்த தொட்டி வழியே நீரில் கலக்கும் ஆக்சிசன் அதன் உட்பாகங்களை அரிக்கும்.

இதற்குத் தீர்வாக இரு சுற்றுகளுக்கும் இடையே தகட்டு வெப்பமாற்றி வைக்கப்படுகிறது. வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும், நீர் கலப்பதில்லை. நிலக்கரிச் சுற்றின் குழாய் சூடேறியதும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி எரிவாயுக் கொதிகலனை நிறுத்திவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் புகைபோக்கிகள் தேவை. இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் புகுந்து உயிரைப் பறிக்கலாம்.

புகைமூட்டமும் சட்டமும்

வீட்டு அடுப்புகளின் புகை, கிராக்கோவ் போன்ற நகரங்களின் குளிர்காலக் காற்றை நச்சாக்கியது. அந்நகரில் திட எரிபொருளைத் தடை செய்ய 2013இல் எடுக்கப்பட்ட முதல் முடிவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015இல் நாட்டின் சட்டம் திருத்தப்பட்டது. 2016 சனவரியில் புதிய தடை நிறைவேறி, 2019 செப்டம்பர் 1 முதல் நிலக்கரியும் விறகும் எரிப்பது அங்கு தடை செய்யப்பட்டது. பழைய கொதிகலன்களை மாற்ற உதவும் 'தூய காற்று' என்னும் அரசு மானியத் திட்டம் 2018இல் தொடங்கியது. துணையாக இருந்த எரிவாயு முதன்மை எரிபொருளாக மாறத் தொடங்கியது.

2022 நெருக்கடி

உக்ரைன் போருக்குப் பின், ரூபிளில் பணம் செலுத்த மறுத்த போலந்துக்கு 2022 ஏப்ரல் 27 அன்று உருசியா எரிவாயு வழங்கலை நிறுத்தியது. அதே மாதத்தில் போலந்து உருசிய நிலக்கரி இறக்குமதியைத் தடை செய்தது. நிலக்கரி விலை பன்மடங்கு உயர்ந்தது. நிலக்கரியால் சூடேற்றும் குடும்பங்களுக்கு அரசு 3000 சுவாட்டி உதவித்தொகை அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நோர்வே எரிவாயுவைக் கொண்டுவரும் பால்டிக் குழாய்வழி திறக்கப்பட்டது. ஒரே எரிபொருளை நம்புவதன் இடர் அப்போது பலருக்கும் புரிந்தது.

இன்றைய நிலை

'தூய காற்று' திட்டத்தில் நிலக்கரிக் கொதிகலனுக்கான மானியம் 2022 தொடக்கத்திலும், எரிவாயுக் கொதிகலனுக்கான மானியம் 2025இலும் நிறுத்தப்பட்டன. வெப்ப எக்கிகள் இப்போது ஊக்குவிக்கப்படுகின்றன. ஒன்று நின்றால் மற்றொன்று காக்கும் என்ற நம்பிக்கையில் உருவான இரட்டைக் கொதிகலன் முறையின் இரு எரிபொருள்களும் இவ்வாறு அரசின் ஆதரவை இழந்துள்ளன.