பூட்டிய கதவும் ஒரு மகளும்

படம் ஆரம்பித்த சில நிமிடங்களில் திரையில் ஓர் இசை அரங்கம் தெரிகிறது. பாரிஸ் நகரத்து அரங்கம். நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பியானோ ஒலிக்கத் தொடங்குகிறது. நீங்களும் நானும் என்ன எதிர்பார்ப்போம்? கேமரா மேடைப் பக்கம் திரும்பும், வாசிப்பவர் முகத்தைப் பார்க்கலாம் என்றுதானே? ம்ஹூம், திரும்பவே திரும்பாது. அந்தக் கூட்டம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

2012-ல் வந்த ‘அமூர்’ என்ற பிரெஞ்சுப் படம் அது. அமூர் என்றால் காதல். எடுத்தவர் மிகாயேல் ஹானெகே என்கிற ஆஸ்திரியர். பார்வையாளரை நிம்மதியாக உட்காரவிடக் கூடாது என்று தொழில் ஆரம்பித்த நாளிலிருந்தே கங்கணம் கட்டிக்கொண்ட மனிதர்!

கதை ரொம்பச் சின்னது. ஜார்ஜ், ஆன். எண்பது தாண்டிய தம்பதி. இருவரும் இசை ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில், பேசிக்கொண்டிருக்கும்போதே ஆன் சிலைபோல் உறைந்துவிடுகிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஜார்ஜ் பதறிப்போய்க் குழாயைத் திறந்து, துணியை நனைத்து அவள் முகத்தில் வைக்கிறார். பலன் இல்லை. உதவிக்குக் கிளம்பலாம் என்று சட்டை மாற்ற உள்ளே போகிறார். திறந்துவிட்ட குழாயின் சத்தம் மட்டும் கேட்கிறது. திடீரென்று அதுவும் நிற்கிறது.

ஆன் எழுந்து குழாயை மூடியிருக்கிறாள். எதுவுமே நடக்காததுபோல், குழாயை ஏன் திறந்து போட்டீர்கள் என்று அவரையே கேட்கிறாள். ரத்தக் காட்சி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் நிற்கும் நொடியில் வயிற்றைப் பிசையும்.

நூற்றில் ஐந்து பேருக்குத்தான் தவறும் என்று சொல்லப்பட்ட ஆபரேஷன், அவளுக்குத் தவறிப்போகிறது. ஒரு பக்கம் செயலிழந்துவிடுகிறது. இனி என்னை ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகாதே என்று சத்தியம் வாங்குகிறாள். அதற்குப் பிறகு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான அந்தப் படம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே வீட்டுக்குள்தான். டயப்பர், ஸ்பூனில் ஊட்டல், குளறும் பேச்சு, நடுராத்திரி அனத்தல். அழுவதற்குத் தோதாகப் பின்னணி இசையாவது உண்டா? அதுவும் இல்லை. தண்ணீரைத் துப்பும் மனைவியைக் கணவர் அறைந்துவிடும் ஒரு காட்சி உண்டு. கடைசியில் அவரே தலையணையை எடுத்து அவள் முகத்தில் அழுத்துகிறார்.

இதையெல்லாம் காசு கொடுத்து எவன் பார்ப்பான் என்றுதானே கேட்கிறீர்கள்? பார்த்தார்கள். 2012 மே மாதம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை. அடுத்த வருடம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள், சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர். போட்ட முதலுக்கு மேலேயே வசூல். ‘மகத்தான படம்தான், ஆனால் உங்களுக்குப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம்’ என்ற தொனியில் ஓர் அமெரிக்க எழுத்தாளர் கட்டுரையே எழுதினார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வலி இருந்தது. ஆனாக நடித்த எம்மானுவேல் ரிவா, 1959-ல் வந்த ‘ஹிரோஷிமா மோனமூர்’ படத்தின் நாயகி. ஜார்ஜாக வந்த ழான் லூயி த்ரன்தின்யான், 1966-ல் ‘ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ மூலம் காதலர்களைக் கிறங்கடித்தவர். தங்கள் இளமையில் பார்த்துச் சொக்கிய முகங்கள் இப்போது தள்ளாடுவதைப் பார்ப்பது லேசான விஷயமா? ஆஸ்கர் விழா நடந்த 2013 பிப்ரவரி 24 அன்றுதான் ரிவாவுக்கு 86 வயது முடிந்தது. சிறந்த நடிகைக்கான பரிந்துரை பெற்றவர்களில் அன்றைக்கு அவர்தான் மிக மூத்தவர். விருது என்னவோ 22 வயது ஜெனிஃபர் லாரன்ஸுக்குப் போனது.

ஆனால், அந்த மௌனத்துக்கு நட்சத்திரங்கள் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

2003 ஆகஸ்ட். பிரான்ஸ் தேசமே விடுமுறையில் இருக்கும் மாதம். பாரிஸில் வெயில் கிட்டத்தட்ட 40 டிகிரியை நெருங்கியது. அதென்ன பெரிய வெயில் என்று நினைக்காதீர்கள். ஏ.சி. கிடையாது, மின்விசிறிகூட அபூர்வம், ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. மூன்றே வாரத்தில், வழக்கத்தைவிடச் சுமார் 15 ஆயிரம் பேர் கூடுதலாக இறந்துபோனார்கள். பெரும்பாலும் கிழவர்கள், அதைவிட அதிகமாகக் கிழவிகள். சுகாதார அமைச்சர் தன் விடுமுறை வீட்டிலிருந்து பனியன் மாதிரியான ஒரு சட்டையில் டி.வி.யில் தோன்றி சமாதானம் சொன்னார். ஜனாதிபதி சிராக், கனடாவில் ஓய்வில் இருந்தார். பிணங்களை வைக்க இடமில்லாமல், ரூன்ஜிஸ் மொத்த மார்க்கெட்டின் குளிர்சாதனக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3-ம் தேதி, பாரிஸுக்கு வெளியே தியே கல்லறையில், கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்கள் புதைக்கப்பட்டன. சிராக் நேரில் போய் நின்றார். பெற்றவர்களை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன பிள்ளைகள் என்று ஊரே தன்னைத்தானே திட்டிக்கொண்டது. முழுக்க நியாயமான திட்டு என்று சொல்ல மாட்டேன். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்கள். அரசாங்கம் தூங்கியதற்கும் பிள்ளைகள் தலையிலேயே பழி.

பிராயச்சித்தமாக ஒரு சட்டம் வந்தது, 2004-ல். வருடத்தில் ஒருநாள் எல்லோரும் சம்பளமில்லாமல் கூடுதலாக வேலை பார்க்க வேண்டும். அதற்கு ஈடாக முதலாளி, மொத்தச் சம்பளத் தொகையில் 0.3 சதவீதத்தை முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கு அரசிடம் கட்ட வேண்டும். குற்ற உணர்ச்சிக்கு சதவீதம் போட்ட ஒரே தேசம் அதுவாகத்தான் இருக்கும்! வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு மறப்பதில்லை.

அந்த 15 ஆயிரம் பேரின் பிள்ளைகளும் ‘அமூர்’ ஓடிய தியேட்டர்களுக்கு வந்திருப்பார்கள்தானே?

வெளியே நடந்த விவாதமெல்லாம் தலையணையைப் பற்றித்தான். அது கருணையா, கொலையா? தீராத நோயாளிகள் விரும்பினால் சாக உதவலாமா என்ற விவாதம், அதே 2012-ல் ஹொலாந்த் ஜனாதிபதியானதும் சூடுபிடித்திருந்தது. 2016-ல், மரணம்வரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்க மட்டும் சட்டம் அனுமதித்தது. 2025 மே மாதம் தேசிய சட்டமன்றம், சாவதற்கு உதவும் மசோதாவை 305-க்கு 199 என்று முதல் சுற்றில் ஆதரித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் சிலருக்குப் படத்தின் மீதே கோபம். படுத்த படுக்கையானால் அந்த உயிருக்கு மதிப்பில்லையா, அதைக் காதல் என்பதா என்று கேட்டார்கள். ஒதுக்கிவிட முடியாத கேள்வி. அவள் அப்போது சம்மதம் சொல்லும் நிலையில் இல்லையே!

எனக்கென்னவோ, படத்தின் கூர்மையான கத்தி தலையணையில் இல்லை. ஏவா என்ற மகள் இருக்கிறாள். இசபெல் யுப்பேர் நடித்தது. வெளியூரில் கணவன், வேலை, ஆயிரம் பிரச்னை. அவ்வப்போது வருவாள். படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு விலை, வட்டி என்று பேசுவாள். வேறு என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். இன்னொரு முறை வரும்போது, அம்மா படுத்திருக்கும் அறையின் கதவை அப்பா பூட்டிவைத்திருக்கிறார். ஏவா கெட்டவள் கிடையாது. அழுகிறாள், கவலைப்படுகிறாள், வேறு நல்ல சிகிச்சை இல்லையா என்று சண்டை போடுகிறாள். உன் கவலையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறார் அப்பா. கோபமாகக்கூட இல்லை. தகவல் சொல்வதுபோல.

தியேட்டரில் உட்கார்ந்திருந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களில் ஜார்ஜாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்ள முடிந்தவர்கள் குறைவு. ஏவாக்கள்தான் அதிகம்.

படம் அவளோடுதான் முடிகிறது. தீயணைப்புக்காரர்கள் உடைத்துத் திறந்த வீடு இப்போது காலியாக இருக்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்து கிடக்கின்றன. ஏவா அறை அறையாக நடந்து வருகிறாள். கூடத்துக்கு வந்து, ஒரு நாற்காலியில் உட்காருகிறாள். கேமரா தூரத்திலேயே நிற்கிறது, கிட்டே போகவில்லை.