யூதரின் மாதவிலக்குச் சட்டமும் கருத்தடை மாத்திரையும்

மாதவிலக்கைக் குறிக்கும் 'நித்தா' என்னும் எபிரேயச் சொல்லில் விலக்கம் என்னும் பொருள் அடங்கியுள்ளது. 'தூரம்' என வழங்கிய தமிழர்க்கு இச்சொல்லாட்சி அயலாகத் தோன்றாது. ஆயினும் யூதச் சட்டம் விலக்கோடு நில்லாமல் நாள்களைக் கணிக்கும் முறையாகவும் வளர்ந்தது. அக்கணிப்பு கருத்தடை மாத்திரையை எதிர்கொண்ட விதத்தை ஈண்டுக் காண்போம்.

லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரம் மாதவிலக்குக்கு ஏழு நாள் விதித்தது. காலந்தவறிய உதிரப்போக்குக்கே, அது நின்றபின் ஏழு தூய நாள்களை எண்ணச் சொன்னது. பின்னர் இவ்வேறுபாடு நடைமுறையில் மறைந்தது. கடுகளவு உதிரம் கண்டாலும் ஏழு தூய நாள் காத்திருக்கும் கடுமையை இஸ்ரவேலின் மகளிர் தாமே ஏற்றனர் என்கிறார் தால்முதில் ரபி செய்ரா. 'தாமே' என்பதை அப்படியே கொள்ள நாம் தயங்குகிறோம். பதிவு செய்தோர் ஆடவரே. அஷ்கெனாசி வழக்கில் குறைந்தது ஐந்து நாள், அதன்மேல் ஏழு நாள் தம்பதியர் தீண்டாதிருப்பர். 'மிக்வே' என்னும் நீர்நிலையில் மனைவி மூழ்கிய பின்னரே கூடுவர்.

அடுத்த விலக்கை எதிர்பார்க்கும் நாளிலும் விலகியிருத்தல் வேண்டும். எபிரேய மாதத்தின் அதே தேதி, முந்தைய இடைவெளி, முப்பதாம் நாள் ஆகியவற்றைப் பெண் குறித்து வைப்பாள். மும்முறை ஒரே ஒழுங்கில் வந்தால் அது நிலைத்த 'வெசெத்' ஆகும். 1565இல் வெனிசில் அச்சேறிய யோசேப்பு காரோவின் 'சுல்ஹான் ஆருக்' இதனை விரித்துரைக்கிறது.

1960இல் எனோவிட் மாத்திரை அமெரிக்காவில் கருத்தடைக்கென ஒப்புதல் பெற்றது. திருமண நாளில் விலக்கு நேராதிருக்க மணப்பெண்களுக்கும் மாத்திரை உதவியது. ஆனால் அதனை நிறுத்துகையில் வரும் உதிரம், மருத்துவ நோக்கில், இயல்பான மாதவிலக்கன்று. அதற்கும் வெசெத் உண்டா? துள்ளிக் குதித்ததும் உதிரம் கண்ட பெண்ணைப் பற்றித் தால்முத் முன்னரே விவாதித்திருப்பது இங்கு நினையத்தக்கது. மாத்திரையை நிறுத்திய இத்தனையாம் நாள் என மும்முறை கண்டால் அதுவே வெசெத் என்பர் சிலர்.

மெய்யான இடர் துளிக்கசிவே. மாத்திரையின் தொடக்க மாதங்களிலும், ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தைப் பொருத்திய பின்னரும் இது இயல்பு. பரிசோதனைத் துணியில் காணும் ஒரு துளி, எண்ணிய தூய நாள்களை அழித்துவிடக்கூடும்; பிரிவு நீளும். இதற்குச் சட்டத்துள்ளேயே தளர்வும் உண்டு. உடையில் பட்ட கறை குறித்த சிறு அளவினும் குறைந்தால் தீட்டன்று. வண்ண உடையில் பட்டதும் அன்று. பெண்கள் வண்ண உடை அணியுமாறு அறிஞர் ஏற்படுத்தியதாக மைமோனிடிஸ் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். மாத்திரைக் காலத்தில் இவ்விதியே மிகுதியும் கைகொடுத்தது எனலாம்.

ஐயத்துக்குரிய துணியைக் கணவன் ரபியிடம் எடுத்துச்சென்று காட்டுவது பலவிடத்து வழக்கம். எருசலேமில் 1990இல் தோன்றிய 'நிஷ்மத்' கல்விக்கூடம், இச்சட்டத்தோடு மகளிர் மருத்துவமும் கற்பித்துப் பெண் ஆலோசகர்களை உருவாக்கியது. 1999இல் முதற்குழு பயிற்சியை முடித்தபின், கசிவைப் பற்றி ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமே கேட்க வழி பிறந்தது.