சிறு சக்கரமும் கலவை எண்ணெயும்: இந்திய ஸ்கூட்டரின் பராமரிப்பு வரலாறு

இந்தியச் சாலைகளில் ஸ்கூட்டரின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் பிரித்துப் பேச இயலாமைக்கு, அவ்வண்டியின் வடிவமே முதற்காரணமாகும். வானூர்திகளைக் கட்டிவந்த இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ, விமானத்தின் இறங்குகாலைப் போல முன்சக்கரத்தை ஒருபுறத் தண்டிலேயே தாங்கச் செய்ததால், நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை மாற்றுவது எளிதாயிற்று; இரு சக்கரங்களும் ஒரே அளவின என்பதால், ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச்சக்கரம் ஒன்றே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. ஆனால் சிறு சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும் தன்மையது; வலப்புறம் பொருத்தப்பட்ட எஞ்சினின் எடையும் வண்டியின் சமநிலையைச் சற்றே ஒருபக்கம் இழுத்தது.

பியாஜியோவின் உரிமத்துடன் 1960களில் வெஸ்பாவை இந்தியாவில் தயாரித்த பஜாஜ் நிறுவனம், அவ்வுரிமம் முடிந்தபின் 1972இல் சேத்தக் என்னும் வண்டியை வெளியிட்டது. உற்பத்திக்கு அரசு உரிமமுறை வரம்பு விதித்திருந்த அக்காலத்தில், முன்பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தே ஸ்கூட்டரைப் பெறவேண்டியிருந்ததால், கிடைத்த வண்டியைப் பழுதின்றிக் காப்பது குடும்பத்தின் கடமையாகவே கருதப்பட்டது.

அவ்வண்டிகளின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருளை எரிக்கும் எஞ்சின், பெட்ரோலுடன் கலந்துவரும் எண்ணெயாலேயே மசகு பெற்றது. கலவையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகி, ஓடும் வண்டியின் பின்சக்கரத்தையே பூட்டிவிடும்; மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, நெரிசலின் நடுவே எஞ்சின் நின்றுபோகும். ஆகவே பிளக் கழற்றும் ஸ்பேனரும் அதைத் தேய்க்கும் உப்புத்தாளும் வண்டியின் பெட்டியில் இருந்தது சிக்கனத்திற்காக மட்டுமன்று, உயிர்க்காப்பிற்காகவும்தான்.

சட்டமும் படிப்படியாக இப்பொறுப்பில் பங்கேற்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க, 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி காக்கும் மறைப்பும் வேண்டுமென வகுத்தன. சேலை அணிந்து ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் வழக்கமுள்ள நாட்டில் இம்மறைப்பின் தேவை வெளிப்படையானது.

1984இல் வந்த கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர், எஞ்சினின் வேகத்திற்கேற்ப விட்டம் மாறும் கப்பிகளில் ஓடும் பெல்ட்டின் மூலம் கியர் மாற்றும் வேலையை நீக்கியது; 2001இல் அறிமுகமான ஆக்டிவா ஸ்கூட்டர், ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டிருந்ததால் எண்ணெய் கலக்கும் வேலையையும் நீக்கியது. ஆனால் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கும் வழி மறைந்ததால், பிரேக்கின் சுமை கூடிற்று. ஒரு பிடியை அழுத்தினாலே இரு சக்கரங்களையும் பிடிக்கும் கூட்டுப் பிரேக், 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானது இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

எனினும் எண்ணெய் இன்று கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சினுக்குள் இருப்பதால், அதன் அளவைப் பார்க்கும் பழக்கம் எளிதில் நழுவுகிறது. சக்கரமோ இன்னும் சிறியதாகவே இருப்பதால், டயரின் காற்றையும் பிரேக்கின் தேய்மானத்தையும் புறப்படுமுன் பார்த்தறிவது முந்தைய தலைமுறையைப் போலவே இன்றைய ஓட்டுநருக்கும் கட்டாயமாகிறது.