திருவக்கரை கல்மரங்கள்: அங்கே காடு இருந்ததா?

பாண்டிச்சேரிக்கு வர்ற நண்பர்களுக்கு எல்லாரும் கொடுக்கிற லிஸ்ட் ஒண்ணுதான். பீச், ஆசிரமம், ஆரோவில், சுண்ணாம்பாறு படகுத்துறை. முடிஞ்சது. வில்லியனூர் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொரு இடமும் தெரியும். ஊர் ஓரமா ஓடற சங்கராபரணி ஆத்தை எதிர்த்து வடமேற்கால போனா, புதுச்சேரி எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துல திருவக்கரை வரும். அங்கதான் தேசிய கல்மரப் பூங்கா இருக்கு.

பூங்கான்னதும் ஊஞ்சல், சறுக்குமரம்னு கற்பனை பண்ணிடாதீங்க. மரமும் முள்ளுப் புதருமா ஒரு சின்ன காடு. நடுவுல நடக்கப் பாதை. குழந்தை குட்டியோட நிதானமா சுத்தி வரலாம். பாதை ஓரத்துல அடிமரங்கள் பாதி மண்ணுல புதைஞ்சு கிடக்கும், யாரோ வெட்டிப் போட்டுட்டு எடுக்க மறந்த மாதிரி. கணு தெரியும், வளையம் தெரியும். தொட்டாதான் கல்லுன்னு புரியும். கூட வந்த அக்கா பையன் தட்டிப் பார்த்துட்டு, "மாமா, இதை யாரு செதுக்குனது?"ன்னு கேட்டான்.

கேள்வி நியாயம்தான். ஊர்க்காரங்களும் இதைக் கேட்டு, ஒரு பதிலும் வச்சிருக்காங்க. திருவக்கரை, சம்பந்தர் பாடிய தலம். செம்பியன் மாதேவி கற்றளியா எடுத்த கோவில்கள்ல ஒண்ணு. சிவன் சந்திரமௌலீஸ்வரர்னாலும், கூட்டம் வர்றது வக்கிரகாளியம்மனுக்குத்தான். தலபுராணப்படி வக்கிராசுரன்னு ஒரு அசுரனை விஷ்ணு வதம் பண்றார், அவன் தங்கை துன்முகியைக் காளி வதம் பண்றா. ஊர்ல வழங்கற கதை என்னன்னா, இந்தக் கல்லெல்லாம் செத்த அசுரனோட எலும்பு! சிரிக்காதீங்க. அது மரமா இருக்கணும்னு கூட இல்லை, ஆனா ஒரு காலத்துல உயிரோட இருந்த ஒண்ணுதான் கல்லாச்சுன்னு யாரோ சரியாவே கண்டுபிடிச்சிருக்காங்க.

அடுத்து வர்றவர் பியர் சொன்னெரா, பிரெஞ்சு இயற்கையியலாளர். நம்ம சாம்பல் நிறக் காட்டுக்கோழியோட அறிவியல் பேர்ல இருக்கிறது இவர் பேர்தான். 1781-ல இந்தக் கல்மரங்களை முதன்முதலா பதிவு பண்ண ஐரோப்பியர்னு இவரைத்தான் குறிப்பிடறாங்க. ஆனா ஆள் கொஞ்சம் வில்லங்கம். நியூ கினியா பயணம்னு 1776-ல புத்தகமே போட்டார், அந்தத் தீவுல காலே வைக்காம :-) இப்படிப்பட்டவர் சொன்னதை எப்படி நம்பறது? நம்ப வேண்டிய அவசியமே இல்லை. மரங்கள் அதே இடத்துல கிடக்கு. யாரு வேணா போய் சரிபார்த்துக்கலாம்.

அப்படிப் போய் சரிபார்த்தவங்கதான் பின்னால வந்த புவியியலாளர்களும் தாவரவியலாளர்களும். இது 'கடலூர் மணற்கல்' அடுக்கு. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல கிடக்கிறதும், புதுச்சேரிப் பகுதிக்கு நிலத்தடி நீர் கொடுக்கிறதும் இதே மணற்கல்தான். மரங்களோட வயசு சுமார் 2 கோடி வருஷம். நீளம் 3 மீட்டர்ல இருந்து 15 மீட்டர் வரைக்கும்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. போறவங்க எல்லாரும் "அப்ப இங்க பெரிய காடு இருந்திருக்கு"ன்னு சொல்லிட்டு வர்றாங்க. நல்லா கவனிச்சா, எல்லாமே படுத்துக் கிடக்கு. கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. அதாவது, இதெல்லாம் இங்க வளர்ந்த மரமே இல்லை. வேற எங்கயோ வளர்ந்து, ஒரு பழைய ஆத்து வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து, மணல்ல புதைஞ்சுபோனது. காத்து படாததால உளுத்துப் போகலை. நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா செல் செல்லா உள்ள புகுந்து மரத்தோட இடத்தைப் பிடிச்சிருச்சு. நம்ம பாஷையில சொன்னா, பழைய ப்ரோக்ராமை வரி வரியா மாத்தி எழுதி, கடைசியில பழைய வரி ஒண்ணு கூட மிச்சமில்லை, ஆனா ஸ்கிரீன் மட்டும் அப்படியே இருக்கு!

கடலூர் மணற்கல்லுல கிடைச்ச மரங்கள்ல குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டு. அந்தக் குடும்பத்து மரங்கள் பலதும் இன்னிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையோட மழைக்காடுகள்ல நிக்குது. நம்ம முள்ளுக்காட்டுப் பக்கம் எவ்வளவு மழை பெஞ்சிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இவ்வளவும் தெரிய வந்தது மரம் கிடந்த இடத்துலயே கிடந்ததாலதான். ஒரு கல்மரத்தைத் தூக்கிட்டுப் போய் பங்களா தோட்டத்துல நட்டு வச்சா, அது அழகான கல், அவ்வளவுதான். எந்த அடுக்குல இருந்தது, எப்படிக் கிடந்ததுன்னு அப்புறம் யாராலயும் கேட்க முடியாது. மெருகேத்தின கல்மரத்துக்கு உலகம் முழுக்க மார்க்கெட் இருக்கு. அமெரிக்காவுல அரிசோனா கல்மரக் காட்டை 1906-லயே தேசியச் சின்னமா அறிவிச்சதுக்குக் காரணம், ஜனங்க அள்ளிக்கிட்டுப் போனதுதான்.

நம்ம ஊர்ல? இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்குது, தேசியப் புவியியல் சின்னம்னு போர்டு இருக்கு. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது பகுதி. பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது அதுல ஒரு சின்ன பகுதிதான். சுத்துவட்டாரத்துல கல்குவாரிகள். 100 வருஷப் பழைய கட்டிடத்தையும் சிற்பத்தையும் காப்பாத்த 1958-லயே சட்டம் வந்தாச்சு. இந்த மாதிரி இடங்களுக்குன்னே தனியா ஒரு சட்ட வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்டது 2022 டிசம்பர்லதான். சொன்னெரா காலத்துல இருந்து கணக்குப் போட்டா 241 வருஷம்.

போறவங்க காலையிலயே போயிடுங்க, வெயில் பிச்சு எடுத்துடும். கையில தண்ணி இருக்கட்டும். அப்படியே கோவிலையும் பார்த்துடுங்க. குழந்தைங்க கல்துண்டு ஏதாவது எடுத்துப் பையில போட்டா திட்டாதீங்க. எடுத்த அதே இடத்துல வைக்கச் சொல்லுங்க. பக்கத்துல இல்லை, அதே இடத்துல.