பத்து சென்ட் விளையும் பர்மா அரிசியும்: தற்சார்புக் குடும்பம் என்னும் கற்பனை குறித்து

உலகம் குலைந்துபோன பிறகு ஒரு குடும்பம் தன் நிலத்தில் விளைந்ததை உண்டு, எவர் தயவுமின்றி வாழும் என்ற கற்பனை பல மொழிகளிலும் உலவுகிறது. அதில் வேலியும் கிணறும் ஆடும் கோழியும் உண்டு. கடையும் அரசும் கிடையாது. அண்டை வீட்டார் வந்தால் பெரும்பாலும் கொள்ளைக்காரர்களாகவே வருவார்கள். 1719இல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’வின் நாயகன்கூட உடைந்த கப்பலிலிருந்து கோடரியும் வெடிமருந்தும் இறக்கிக்கொண்டுதான் தன் தனிவாழ்வைத் தொடங்கினான் என்பதைக் கற்பனையாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட உதியன்குளங்கரை வட்டாரத்து விளைகளை, அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டங்களை, பார்க்கிறவருக்கு இந்தக் கற்பனை எளிதில் தொற்றும். மேலே தென்னை, பலா, அயினி, புளி. மரத்தைப் பற்றி ஏறும் நல்லமிளகு. நிழலில் சேனை, சேம்பு, காய்ச்சில் கிழங்கு. வெயில் விழும் இடத்தில் மரச்சீனி எனப்படும் மரவள்ளி. அடுக்களைக்குப் பின்னால் வாழையும் முருங்கையும். இது போதாதா என்று தோன்றும். போதுமா என்பது 1942இல் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனையில் விளை பலரைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் சந்தை, கடல், கூலியாள், ரேஷன் அட்டை ஆகியவற்றோடு சேர்ந்து நின்றே காப்பாற்றியது என்பது என் வாதம்.

அன்று இந்த வட்டாரம் அடங்கியிருந்த திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பாதியைக்கூட விளைவிக்காத நாடு. தேங்காய், கயிறு, மிளகு, தேயிலை, ரப்பர் ஆகியவற்றைக் கப்பலேற்றிவிட்டு பர்மா அரிசியை இறக்கிக்கொண்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. போரினால் ஏற்றுமதியும் சுருங்கியதால், அரிசி வந்தாலும் வாங்கக் காசில்லை. மிகக் கொடிய அடி சேர்த்தலை தாலூகாவின் கயிற்றுத் தொழிலாளர் மீது விழுந்தது. தென்னைமரங்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். தேங்காயை விற்று அரிசி வாங்கும் ஏற்பாடு அறுந்தபோது தென்னை அவர்களுக்குச் சோறிடவில்லை. கே. ஜி. சிவசாமியும் பிறரும் 1943–44 பஞ்சத்தையும் அதையொட்டிய ஊட்டக்குறை நோய்களையும் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துயரத்துக்குச் சான்று. திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயரின் அரசு நகரங்களோடு நிற்காமல் கிராமங்களையும் ரேஷனுக்குள் கொண்டுவந்தது. அவரது ஆட்சியைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ரேஷன் அரிசி போதாத வயிற்றை நிரப்பியது மரச்சீனி. போர்த்துக்கீசியர் வழியாகப் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். தென்கிழக்காசிய மலைமக்களைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஸ்காட், கிழங்குகளை அரசிடமிருந்து தப்பிப்போரின் பயிர் என்கிறார்: மண்ணுக்குள் கிடக்கும், வரி வசூலிப்பவர் கண்ணில் படாது, வேண்டும்போது தோண்டலாம். இங்கே அதே பயிரை அரண்மனையே பரப்பியிருக்கிறது. நாட்டார் தற்சார்பின் அடையாளமாக நாம் கொண்டாடும் கிழங்கு, கடல்கடந்து வந்து அரசு ஆதரவில் பரவியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 2,000 கலோரி என்று வைத்தால், 100 கிராமுக்கு 160 கலோரி வீதம் தோல் நீக்கிய மரச்சீனி ஒன்றேகால் கிலோ வேண்டும். நான்கு பெரியவர்களுக்கு ஈடான குடும்பத்துக்கு ஆண்டில் 1,825 கிலோ. தோலும் கழிவும் சேர்த்து 2,300 கிலோவுக்கு மேல் தோண்டவேண்டும். ஹெக்டேருக்கு 25 டன் என்ற நல்ல விளைச்சலில் சென்ட்டுக்கு 100 கிலோ கிடைக்கும். 23, 24 சென்ட் போதும். உரமில்லாத மேட்டுச் செம்மண்ணில் 10 டன்தான் என்றால் 60 சென்ட் வரை தேவை. அதுவும் தென்னை நிழல் இல்லாத தனிப்பயிராக! இத்தனை கிழங்கும் ஒருவருக்கு நாளுக்குத் தருகிற புரதம் ஏறத்தாழ 17 கிராம்; தேவையோ 50 கிராமை ஒட்டியது. மரச்சீனிக்கு மீன்கறி என்ற சேர்க்கை வெறும் நாக்கு ருசியால் வந்ததல்ல. பூவாறிலும் பொழியூரிலும் கரையேறும் சாளையும் நெத்தோலியும் மீன்காரப் பெண்களின் தலைச்சுமையாக உட்பகுதி ஊர்களுக்கு வராவிட்டால், பத்தாயம் நிறையக் கிழங்கு இருந்தும் பிள்ளைகளுக்குக் கால் வீங்கும்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பஞ்சாயத்துப் பகுதியில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர் ஒருவர் உரிமையாக்கிக்கொள்ளக்கூடிய நிலம் 10 சென்ட் வரை. கௌரவத்துக்கும் தலைக்குமேல் கூரைக்கும் அந்தப் பத்து சென்ட் பெரும் பேறு. மேற்சொன்ன கணக்கின்படி, வீடும் கிணறும் போக, அது குடும்பத்தின் கிழங்குத் தேவையில் பாதியைக்கூட எட்டாது. ஆக, பேரழிவுக்குப் பின்னான தற்சார்பு இல்லம் என்பது, பேரழிவுக்கு முன்பே நிலம் வைத்திருந்தவரின் கனவு.

நிலம் உள்ளவரின் கனவும் ஆளில்லாவிட்டால் நடக்காது என்பதை இதே பகுதி முன்னரே காட்டியிருக்கிறது. புலயர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வெங்ஙானூரைச் சேர்ந்த ஐயன்காளி (1863–1941) தலைமையில் உழவுத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வயல்கள் தரிசாயின. வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் வீடுகள் பட்டினி கிடக்காதபடி விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்களோடு ஐயன்காளி உடன்பாடு செய்ததாகவும், வள்ளத்தில் ஏறி உழைத்தவர்களுக்கு மீனில் பங்கு கிடைத்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வயலும் பத்தாயமும் இருந்தவர்கள் முடங்கினார்கள். இரண்டும் இல்லாதவர்கள் கடலோரத்தோடு கைகோத்துத் தாக்குப்பிடித்தார்கள். தற்சார்பு பற்றிப் பேசும் எவரும் முதலில் படிக்கவேண்டிய பாடம் இது என்பேன்.

குடும்பத்துக்கு உள்ளேயும் ‘தானே’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது? மரச்சீனியைத் தோண்டுவது அரைநாள் வேலை. அதற்குப் பிறகு தோலுரித்து, நறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு வடித்துக் கொட்டவேண்டும். கட்டு, அதாவது சயனைடு நஞ்சு, கூடிய இனமென்றால் இந்த வடிப்பைத் தவிர்க்கவே முடியாது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும். சேமிக்க வேண்டுமானால் சீவி, அரைவேக்காடாக வாட்டி, பாயில் பரப்பி, மழை பார்த்து அள்ளவேண்டும். விறகும் தண்ணீரும் வேறு. இத்தனையும் பெண்கள் தலையில் விழுந்தவை. பனையேறி இறக்கிய அக்கானியை (பதநீரை)க் கருப்பட்டியாகக் காய்ச்சியவர்களும் அவர்களே. கற்பனை நூல்களில் இந்த வேலைகளெல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும்.

காந்தி 1942 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் கிராம சுயராஜ்யத்தை விளக்கியபோது அடிப்படைத் தேவைகளுக்கு அயலாரை நம்பாத அலகாகக் கிராமத்தையே கொண்டார். மற்றவற்றில் பரஸ்பரச் சார்பு வேண்டும் என்றும் சொன்னார். தனி வீட்டை அவர் அலகாக்கவில்லை. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணமும் வீடு தனித்து நிற்காது என்பதையே காட்டுகிறது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் அற்றுப்போன அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள், பனம்பழக் களியில் துணி துவைத்தார்கள். கெட்டிக்காரத்தனம் வியக்கத்தக்கது. ஆயினும் அரச ஊழியரின் சம்பளம் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் காசு சந்தையில் சுற்றியது.

இந்தச் சார்பு மாநில எல்லையாலும் அறுபடவில்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கும் அதை உண்ட ஊர்களுக்கும் நடுவே மாநில எல்லை வந்தது. களியக்காவிளை வழியாக அரிசி மூட்டைகள் கள்ளத்தனமாகக் கடக்கும் கதை இன்றும் செய்தித்தாளில் வருகிறது.

நடும் பொருளுக்கும் அயலாரை நம்பவேண்டும். மரச்சீனியை விதையிட்டுப் பயிரிடுவது வழக்கமில்லை. கம்பு நட்டுத்தான் பயிராகும். வெட்டிய கம்பை நிழலில் நிறுத்தி வைத்தாலும் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. ஓராண்டு கம்பு பட்டுப்போனால் அடுத்த விளைக்காரரிடம் கேட்டு வாங்கித்தான் நடவேண்டும். இலை சுருங்கி வெளிறும் மொசைக் நோய் அந்தக் கம்பு வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவுகிறது. 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த நோயோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறது. வெள்ளை ஈ வேலியை மதிப்பதில்லை. ஆகவே ஒரு விளையில் நல்ல கம்பு நட்டாலும், சுற்றியுள்ள விளைகளிலும் அதையே நட்டால்தான் நோய் கட்டுக்குள் நிற்கும்.